ராமேஸ்வரம் தீவில் இரண்டு ராத்திரி: டெல்டாவிலிருந்து காரில் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போன பிப்ரவரியில் அறுப்பு முடிந்த கையோடு மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஆறு பேரும் ஒரே காரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் தீவுக்குப் போய், கடலோர ரிசார்ட் ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். அதிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில், பள்ளிக்கூட வாசலில், போனில் என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

ராமேஸ்வரம் என்றால் கோயில்தானே? தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாமே, எதற்கு இரண்டு ராத்திரி?

வந்துவிடலாம். இதற்கு முன்னால் மூன்று தடவை நாங்களும் அப்படித்தான் வந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி, ஈரத்துணியோடு 22 தீர்த்தம் ஓடி, தரிசனம் முடித்து, தனுஷ்கோடிக்கு ஒரு ஓட்டம் ஓடி, திரும்பும்போது பிள்ளைகள் பின்சீட்டில் வாந்தி எடுத்து, நடு ராத்திரி வீடு வந்து சேர்ந்து, மறுநாள் எல்லோரும் படுக்கையில். மூன்று தடவை போயும் கடலை ஓடுகிற கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இன்னொன்று, நான் மாமா என்று கூப்பிடுகிற என் மாமனாருக்கு 68 வயது. ஒரு வேலி நிலம், அதாவது ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அவர் வெளியூர் போனதெல்லாம் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் இந்த நாலுக்கும்தான். சும்மா ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்க என்று ஒரு ராத்திரிகூட அவர் வெளியே தங்கினதில்லை. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. முன்காலத்தில் இதே யாத்திரையை நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் தங்கித்தான் போனார்கள். அதற்காகத்தான் தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் மாதிரி வழி நெடுக சத்திரம் கட்டிவைத்தார்கள். சேதுபாவாசத்திரத்தில் சத்திரம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. கார் வந்த பிறகு தங்குவதைத்தான் விட்டுவிட்டோம். கோயிலுக்குப் போவதைக் குறைக்கச் சொல்லவில்லை, கோயிலோடு ஒரு நாள் கடலுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

எந்த வழியாகப் போவது நல்லது?

தஞ்சாவூர், கும்பகோணத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டை, தேவகோட்டை, ராமநாதபுரம் வழி வேகமான வழி. சாலை நன்றாக இருக்கும், கடல் மட்டும் தெரியாது. எங்களைப் போல மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதுதான் அழகு. நாங்கள் மதுக்கூர், பட்டுக்கோட்டை வந்து, அதிராம்பட்டினத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். அதற்கப்புறம் ராஜாமடம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். ராமநாதபுரத்தில் பெரிய சாலையில் ஏறினால் அங்கிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 200 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நிற்காமல் ஓட்டினால் ஐந்து மணி நேரம், ஆனால் இந்தச் சாலையில் நிற்காமல் போகிறவர்கள் புதுக்கோட்டை வழியிலேயே போய்விடலாம்.

பெயரைக் கேட்டு சென்னைப் பக்கத்து ஈ.சி.ஆர். மாதிரி நினைத்துவிடாதீர்கள். இங்கே போக ஒன்று வர ஒன்று, அவ்வளவுதான். ஆடு, மாடு, மீன் வண்டி எல்லாம் குறுக்கே வரும். இருட்டின பிறகு இதில் ஓட்ட வேண்டாம் என்பது என் வீட்டுக்காரரின் கண்டிப்பான சொல், நானும் அதையே சொல்கிறேன்.

பட்டுக்கோட்டை தாண்டினதும் தென்னந்தோப்புகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரே தோப்பில் வானத்தைத் தொடுகிற நாலு மரம், சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இளங்கன்றுகள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன தோப்புகள் அவை, உயரமாக நிற்பவை அன்றைக்குத் தப்பித்தவை. மாமா அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். கட்டுமாவடி தாண்டினால் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சீமைக் கருவேலமும் பனையும் உப்பளமுமாக ஊரே வேறு நிறமாகிவிடும். வாய்க்கால் பாலங்களும் நின்றுபோகும். காவிரித் தண்ணீர் எதுவரைக்கும் வருகிறது என்பதை வரைபடம் இல்லாமல் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சாலை கிடையாது.

வழியில் எங்கெங்கே நிறுத்தலாம்?

மூன்று இடம் போதும். முதலாவது மனோரா. சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலோரத்தில் நிற்கிற எட்டு அடுக்குக் கோபுரம், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டினது. அங்கே கடலில் அலையே இருக்காது, சேறும் கடற்புல்லுமாக ஏரி மாதிரி கிடக்கும். எங்கள் சின்னவள் ‘இதுவாம்மா கடல்?’ என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அந்தப் புல்லை மேயத்தான் ஆவுளியா என்கிற கடல் பசு வருகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே பாதுகாப்பகமாக 2022இல் அறிவித்தார்கள் என்று சொன்னதும் அரைமணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நமக்குக் கண்ணில் படாது, ஆனாலும் பார்க்கட்டும்.

இரண்டாவது, சாலையோரத்தில் பனை தருகிற ஏதாவது ஒன்று. தை மாசியில் பனங்கிழங்கு, சித்திரை வைகாசியில் நுங்கு. மூன்றாவது தேவிபட்டினம். கடலுக்குள்ளேயே நவகிரகக் கல் ஒன்பது, நடைபாதை போட்டிருக்கிறார்கள், அரை மணியில் முடித்துவிடலாம்.

திருத்துறைப்பூண்டி வழியாக வருகிறவர்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் இதோடு சேர்க்கப் பார்ப்பார்கள். வேண்டாம். படகில் போய் வரவே அரை நாள் ஆகும், அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

நம் பக்கத்துக்குப் பதில் சுலபம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறோம். அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வந்த பிறகு உளுந்து பறிக்கிற வரைக்கும் கொஞ்ச நாள் கை ஓய்வாக இருக்கும். மாசி மாதம் அது. தீவிலும் அப்போதுதான் வெயிலும் மழையும் இல்லாத நல்ல காலம்.

ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம். புயல் சின்னம் என்ற செய்தி வந்தால் கட்டின முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டில் இருங்கள். கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகு மீன் கிடைக்கும், ஆனால் குறைவு, விலையும் கூட. ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி ஓய்வுக்காகப் போகிறவர்கள் போகவே கூடாது. ஊர் முழுக்கத் தர்ப்பணத்துக்கு வந்த கூட்டம்தான் இருக்கும், அறை கிடைப்பதும் கஷ்டம்.

தீவில் எந்தப் பக்கம் அறை எடுப்பது?

யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த, அடங்கின கடல், பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. தெற்கே மன்னார் வளைகுடா ஆழமானது, அலை எழும்புகிறது. அந்த ஊர்க்காரர்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். பாம்பன் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தால் நிறமே வேறாக இருப்பது தெரியும்.

ஆனால் பெண் கடல் எப்போதும் அமைதி, ஆண் கடல் எப்போதும் சீற்றம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். காற்றுதான் கணக்கு. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் வாடைக் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், அப்போது வடக்குக் கடல் கலங்கி நுரைத்துக் கிடக்கும், தெற்குக் கடல் கண்ணாடி மாதிரி. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் அப்படியே தலைகீழ், தெற்கிலிருந்து சோழகக் காற்று அடித்து ஆண் கடல் பொங்கும், வடக்கில் பிள்ளைகளை முழங்கால் தண்ணீரில் உட்கார வைக்கலாம். ஆகவே கோடை விடுமுறையில் போகிறவர்கள் வடக்குக் கரையிலும், பொங்கலை ஒட்டிப் போகிறவர்கள் தெற்குக் கரையிலும் எடுங்கள். மாசிக் கடைசி, பங்குனியில் இரண்டும் சரி. நாங்கள் எடுத்தது வடக்குக் கரையில்.

ஊருக்குள் கோயிலை ஒட்டித் தங்குவதும் ஒரு வழிதான். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு கடலோரத்திலேயே இருக்கிறது, கோயிலும் பக்கம். வயதானவர்கள் தினமும் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் அந்த வட்டாரம் வசதி. கோயிலைச் சுற்றி இருக்கிற லாட்ஜுகளில் கடலைத் தேடாதீர்கள், அவை தீர்த்தமாடிவிட்டுத் துணி மாற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக இருப்பவை. பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி ராமேஸ்வரம் வரைக்கும் தென்னந்தோப்புக்குள்ளே கடலைப் பார்த்து இருக்கிற ரிசார்ட்டுகள் வேறு ரகம், அவற்றைத்தான் நான் சொல்கிறேன்.

அறை பதிவு செய்யும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

இதில் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். படத்தில் கட்டில், சன்னல், சன்னலுக்கு வெளியே நீலக் கடல். பணம் கட்டிப் போய்த் திரையை விலக்கினால் ஜெனரேட்டர் கொட்டகை. கடல் இருந்தது, கட்டடத்துக்குப் பின்னால் நூறு அடி தள்ளி, நடுவில் கம்பிவேலி. படத்தில் இருந்த அறை வேறு விலையாம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முகம் வாடிவிட்டது. அரைமணி நேரம் பேசி, ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடக் கொடுத்துக் கடல் பக்கத்து அறைக்கு மாறினோம்.

அதனால் போன் போட்டுப் பேசுங்கள். கட்டிலில் படுத்தபடி கடல் தெரியுமா, வாசலிலிருந்து தண்ணீருக்கு எத்தனை எட்டு, நடுவில் சாலையோ வேலியோ உண்டா என்று கேளுங்கள். நமக்கென்று எந்த அறையை ஒதுக்குகிறார்களோ அதன் வாசலிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல இடமாக இருந்தால் உடனே அனுப்புவார்கள். குளியலறைக் குழாயில் வருவது உப்புத் தண்ணீரா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் உப்புதான், சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். கடைசியாகத் தலைகாணியும் படுக்கையும் கூடுதலாகக் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நம் வீடுகளில் யாராவது ஒருவர் தரையில்தான் தூங்குவார்.

செலவு எவ்வளவு ஆனது?

ஆறு பேருக்கு இரண்டு அறை, இரண்டு ராத்திரி, டீசல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 28 ஆயிரத்துச் சொச்சம். சனி, ஞாயிறு இல்லாமல் செவ்வாய், புதனில் போனதால் அறை வாடகை குறைந்தது.

எங்கள் வீட்டில் கடல் என்றாலே பயம். குளிக்கலாமா?

பயத்தை யாரும் சிறிதாக நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டிலேயே அதிகம் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர். என் அத்தையின் அக்கா வீடு நாகையில். அதற்குப் பிறகு அத்தை கடற்கரைக்கே போனதில்லை, வேளாங்கண்ணிக்குப் போனாலும் கோயிலோடு திரும்பிவிடுவார். இந்தப் பயணத்துக்கும் முதலில் வர மறுத்துவிட்டார்.

அவரிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: கோடியக்கரைக்குத் தெற்கே வடக்குக் கடலுக்கு முன்னால் இலங்கை குறுக்கே நிற்கிறது, அன்றைக்கும் அந்தப் பக்கம் அலை நாகையில் வந்தது மாதிரி வரவில்லை. நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம், உட்கார்ந்திருங்கள். முதல் நாள் சாயங்காலம் அறை வாசலில் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் நாற்காலியைத் தென்னை நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் நாற்காலியின் முன்கால் இரண்டும் ஈரமணலில் புதைந்திருக்கின்றன, புடவைக் கொசுவத்தை மடியில் சொருகிக்கொண்டு இரண்டு பாதத்தையும் தண்ணீரில் வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

குளிப்பது பற்றி: அடங்கின பக்கத்தில், ஊர்க்காரர்கள் இறங்குகிற இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளிக்கலாம். தரையில் கூர்மையான கல் கிடக்கும், ரப்பர் செருப்போடு இறங்குங்கள். சொறி மீன் பட்டால் அரிப்பும் எரிச்சலும் எடுக்கும், அது மிதக்கிற நாளில் கரையிலேயே இருங்கள், ரிசார்ட் ஆட்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் மட்டும் கால்கூட நனைக்க வேண்டாம். இரண்டு கடலும் சேருகிற இடம், அடியில் இழுப்பு பலமாக இருக்கும்.

கோயிலுக்கு எப்போது போவது?

முதல் நாள் போகாதீர்கள், அலுப்போடு வரிசையில் நிற்க முடியாது. மூன்றாம் நாள் விடிகாலையில், அறையைக் காலி செய்வதற்கு முன்னால் போனோம். ஸ்படிக லிங்க தரிசனம் விடிகாலையில்தான். அப்புறம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு மறுபடி சன்னதி. ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணிப் பையை ஒருவர் கையில் கொடுத்து வெளியே நிறுத்துங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். மூன்றாம் பிரகாரத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்கள், ஒரு மூலையில் நின்று மறு கோடியைப் பார்த்தால் தூண்கள் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். பெரிய கோயிலைப் பார்த்தே வளர்ந்த நமக்கும் அது புதுசு.

தனுஷ்கோடிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

விடியும்போது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்டதிலிருந்து சொந்தக் காரே போகிறது. முன்பெல்லாம் மணலில் ஓடுகிற வேனில் இடுப்பு உடையப் போக வேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் கடல். பத்து மணிக்கு மேல் கார் வரிசை கட்டிவிடும், வெயிலும் மணலும் சேர்ந்து கண்ணைத் திறக்க விடாது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் போலீஸ்காரர்கள் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். டீசலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், அங்கே பங்க் கிடையாது. முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான், போனில் இலங்கைச் சிக்னல் ஏறிக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், வழியில் இடிந்து நிற்கிற தேவாலயத்துப் பக்கம் கட்டாயம் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் ஊரையே கொண்டுபோனது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூறு பேருக்கு மேல் இருந்த பெட்டிகளோடு கடலில் போனது. அதற்கு முன்னால் போட் மெயில் என்கிற ரயிலில் வந்து இறங்கி, இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். நம் ஊர்களில் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன தாத்தாக்கள் எத்தனையோ பேர் இந்த மணலில்தான் நடந்திருக்கிறார்கள்.

அங்கே மாமாவை அசையவிடாமல் நிறுத்தியது வேறு. குடிசைகளுக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு அம்மா மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டின ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியால் தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா ஒரு வாய் வாங்கிக் குடித்துப் பார்த்தார். நல்ல தண்ணீர். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடலோரத்தில் நம் பக்கம் போர் போட்டாலே உப்புத்தான் வருகிறது என்று புலம்புகிறவர் அவர். மணலில் இறங்கின மழைத் தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மெத்தை மாதிரி மிதந்து நிற்கிறது, மேலாக அள்ளுகிற வரைக்கும் இனிக்கும், ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அந்த அம்மா அதைத் தன் பாஷையில் சொன்னார்: ‘ஆசப்பட்டுத் தோண்டக் கூடாதுங்க ஐயா.’

இரண்டாம் நாள் முழுக்க ரிசார்ட்டில் என்ன செய்வது? போர் அடிக்காதா?

தனுஷ்கோடிக்கு விடிகாலையில் போய் ஒன்பது மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் எங்கேயும் போகவில்லை. கலாம் நினைவகம் பேய்க்கரும்பில் சாலையோரமே இருக்கிறது, குந்துகாலில் விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கின இடம் இருக்கிறது, இரண்டையும் போகிற வழியிலும் வருகிற வழியிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாளை மட்டும் எதற்கும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் கஷ்டமாகத்தான் இருக்கும். மாமா மூன்று தடவை ஊருக்குப் போன் போட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்று கேட்டார்.

பதினொரு மணி வாக்கில் கரையில் சத்தம். கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பேர், கயிற்றை இடுப்பில் வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து, மேட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டு மறுபடி தண்ணீரோரத்துக்கு ஓடிப் பிடிக்கிறார்கள். மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்கள். முக்கால் மணி நேரம். வலை வந்ததில் பெரிதாக ஒன்றுமில்லை, காரலும் கொஞ்சம் சாளையும். வலைக்காரருக்கு எத்தனை பங்கு, இழுக்கிறவர்களுக்கு எத்தனை பங்கு என்று அவர் விசாரிக்க, அவர்கள் நெல் விலை கேட்க, அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச்சு. வரும்போது கையில் ஒரு தாமரை இலை அளவுக்கு மீன் கொடுத்து அனுப்பினார்கள். சமையல்காரர் அதைப் பொரித்தே கொடுத்துவிட்டார்.

மத்தியானம் எல்லோரும் தூங்கினோம். மாமாவும் தூங்கினார், பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

சாப்பாடு எப்படி?

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. நண்டு, கணவாய், பாறை, விளைமீன் எது வந்திருக்கிறது என்று காலையிலேயே கேட்டுச் சொல்லிவைத்துவிட்டால் மதியத்துக்குச் செய்து தருவார்கள். மெனு அட்டையைப் பார்த்து பிரைடு ரைஸ் கேட்டால் எல்லா ஊரிலும் கிடைப்பதுதான் வரும். சைவக்காரர்கள் கோயில் பக்கம் போய்ச் சாப்பிடலாம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போங்கள், மனோராவில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 20 லிட்டர் குடிதண்ணீர்க் கேன் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாமா?

கூடாது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு இடம் இருக்காது, போலீஸ் பிடித்தால் அபராதமும் உண்டு. பாலம் ஏறுவதற்கு முன்னாலேயே ஓரமாக நிறுத்திக் கடலோரம் இறங்கிப் பாருங்கள். கார் போகிற பாலம் 1988இல் திறந்தது. கீழே பழைய ரயில் பாலம் 1914இல் வந்தது, அதன் பக்கத்தில் இருப்பது 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் பழையது இரண்டு கையாகப் பிரிந்து திறந்துகொண்டிருந்தது, இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. புதுசில் நடுத்துண்டு அப்படியே லிப்ட் மாதிரி மேலே ஏறும்.

எங்களிடம் கார் இல்லை. ரயிலில் போக முடியுமா?

முடியும், இப்போது நமக்கு நல்ல வசதி. அந்தப் புதுப் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கின ராமேஸ்வரம் – தாம்பரம் ரயில் மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி வழியாகத்தான் ஓடுகிறது. பாலத்தைத் தாண்டும்போது விழித்திருங்கள். தீவுக்குள் சுற்ற ஆட்டோ கிடைக்கும், தனுஷ்கோடிக்கு மட்டும் போக வர எவ்வளவு, எத்தனை மணி நேரம் நிற்பார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி, வேளாங்கண்ணி எல்லாம் பக்கத்திலேயே இருக்க, இவ்வளவு தூரம் எதற்கு?

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் தரங்கம்பாடிக்கே போங்கள், டேனிஷ் கோட்டைக்கு முன்னால் சாயங்காலம் உட்கார அதைப் போல இடமில்லை. ஆனால் அங்கே திறந்த வங்கக் கடல், அலை முகத்தில் அறைகிற மாதிரி வரும், பிள்ளைகளைத் தண்ணீரில் விட முடியாது. வீட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று இருக்கிற இடத்தில் மாமா மாதிரி ஆட்கள் தங்கவும் மாட்டார்கள்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

பவளக் கல், கடல் குதிரை, கடல் அட்டை என்று யார் நீட்டினாலும் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சங்கு வளையல், சிப்பி மாலை பிள்ளைகளுக்கு வாங்கலாம். கருவாடு வாங்கினால் மூன்று பை போட்டுக் கட்டி டிக்கியில் வையுங்கள்.

நான் சொல்வது தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன். மதுரை மல்லி என்று நாம் வாங்குகிற பூவுக்குச் செடி போவது இந்த மணலிலிருந்துதான். சாலையோரத்திலேயே கட்டுக் கட்டாக விற்பார்கள். வேரை ஈரச் சாக்கில் சுற்றி, காருக்குள் வெயில் படாத இடத்தில் காலடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நம் களிமண்ணில் அப்படியே நட்டால் வேர் அழுகிவிடும், குழியில் பாதிக்கு ஆற்று மணல் கலந்துகொள்ளுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். நான் கொண்டுவந்த பத்தில் ஏழு பிடித்திருக்கிறது. அத்தைதான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், போன வாரம் முதல் மொட்டு வைத்தது.